மாவு எழும் நேரம்

ஜூலை 6, சனி

மிகுந்த பணிவோடும் அதைவிடச் சற்று அதிகமான கர்வத்தோடும் இந்த நோட்டுக்குத் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று மாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, வடவள்ளியில் உள்ள எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஓவன் கீழே இறங்கியது. ஏழு வருடத் தவம் கலைந்தது. இறக்கும் பணியில் ஸ்டூல் ஒன்று காலை இழந்தது. உள்ளே குடியிருந்த பல்லிக் குடும்பம் மாற்று இடம் தேடிக்கொண்டது. ஓவன் கதவில் ஒரு திருகு மட்டும் காணவில்லை. மூடினால் தானே திறந்துகொள்கிறது, வேகும்வரை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றபடி ஓவன் நலம்.

அதில் முதன்முதலாக வெந்தது என் பூண்டு ரொட்டி. வருங்காலச் சந்ததிக்காகச் செய்முறை: பேக்கரியில் வாங்கிய நீள ரொட்டியைச் சாய்வாகக் கீறவும். பத்துப் பல் பூண்டை இடித்து வெண்ணெயில் குழைத்துக் கீறலுக்குள் தடவவும். ரொட்டி கண்ணில் படாத அளவுக்குச் சீஸைத் துருவிப் போடவும். மேலே ஊற்றுவதற்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு: நாட்டுச் சர்க்கரைப் பாகில் இடித்த வரமிளகாய், சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை. அம்மா சாம்பாரிலேயே வெல்லம் போடும் தஞ்சாவூர்க்காரி. அப்பாவுக்குக் காரம் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. இரண்டும் ஒரே ரொட்டியில் ஒன்றுசேர்ந்தன என்று எழுதினால் தமிழ் மிஸ் ஐந்து மார்க் போடுவார். அதனால் எழுதவில்லை.

அப்பா சரியாக நான்கு மணிக்கு வந்தார். சனிக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை அவருடைய நேரம். மற்ற ஆறு நாளும் இருபத்து மூன்று மணி நேரமும் சிங்காநல்லூரில் ஓர் அறையில் இருக்கிறார். அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அம்மா மாடி வீட்டு ஜூலி ஆன்ட்டியிடம் போய்விடுவாள்.

பிப்ரவரியில் இரண்டு பேரும் சேர்ந்து கோர்ட்டில் மனு கொடுத்தார்கள். நாலு வருடமாக ஒன்றுசேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஆகஸ்ட் 28-க்கு வாய்தா போட்டார் நீதிபதி. என்னை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் ஒத்துவரவில்லை, அதையும் அதற்குள் பேசி முடியுங்கள் என்றாராம். பேசுவதா? இந்த வீட்டில் பேச்சுவார்த்தை நடந்ததே என் வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லு" என்பாள் அம்மா, ஒரே அறையில் நின்றுகொண்டு. நான் அப்பாவிடம் போய், "அம்மா உங்களுக்குக் காபி வேணுமான்னு கேக்கறாங்க" என்பேன். இப்படி ஒரு நாள் மூன்று காபி குடித்தார். கேஸ் மட்டும் தீர்ந்துபோனது.

ஆக, நான் இருக்கும்வரை வழக்கு முடியாது. பதினாறு வயதில் இவ்வளவு முக்கியமான ஆள் எங்கள் பதினொன்றாம் வகுப்பில் வேறு யாரும் இல்லை.

ரொட்டி இருபது நிமிடத்தில் தயார். அப்பா நான்கு துண்டு சாப்பிட்டார். "நல்லா இருக்குது சாமி" என்றார். பிறகு இருவரும் ஃபேனைப் பார்த்தோம். நான்கே முக்காலுக்குக் கிளம்பிவிட்டார். மீதிப் பதினைந்து நிமிடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஜூலை 7, ஞாயிறு

அப்பாவின் இடது செருப்பை நேற்று ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் வைத்திருந்தேன். தேடிப் பார்த்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். ஒன்று இங்கே இருந்தால் மற்றதும் வந்துதான் ஆக வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வீடியோவில் ரொட்டியையே வீட்டில் செய்கிறார்கள். மைதாவில் ஈஸ்ட் கலந்து பிசைந்து மூடி வைத்தால் மாவு எழும்ப ஒரு மணி நேரம். உருட்டி வைத்து மறுபடி அரை மணி. வேக அரை மணி. மொத்தம் இரண்டு மணி நேரம். மாவு பாதியில் இருக்கும்போது எந்த அப்பாவும் எழுந்து போக முடியாது, அது மரியாதை இல்லை.

அம்மா ஈஸ்ட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்குடா?"

"கெமிஸ்ட்ரி பிராக்டிகல்."

"கெமிஸ்ட்ரிக்கு ரெண்டு கிலோ மைதாவுமா?"

"பெரிய பிராக்டிகல்மா."

ஜூலை 13, சனி

வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் மாவில் கை வைத்தேன். அப்பா ஷூ போட்டுக்கொண்டு வந்தார். இனி ஷூவாம். ஒற்றைச் செருப்பு ஃபிரிட்ஜில் விறைத்துக் கிடக்கிறது.

மாவு எழவில்லை. ஐந்து மணிக்குத் துணியைத் தூக்கிப் பார்த்தோம். ஐந்தரைக்குப் பார்த்தோம். உள்ளே ஒரு பிள்ளையார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாமி, இன்னுமா எந்திரிக்கல உன்ற மாவு?"

"ஞாயித்துக்கிழமைக்கு ரிகர்சல் பாக்குதுங்கப்பா. இன்னும் கொஞ்சம் இருங்க."

இருந்தார். என் பள்ளி பற்றிக் கேட்டார். பயாலஜி லேபில் எலும்புக்கூட்டுக்கு நான் ஹெட்மாஸ்டரின் மஃப்ளர் கட்டியதைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிங்காநல்லூர் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் என்றார். ஆறு மணிக்கு எழாத மாவையே சுட்டோம். ஓவன் கதவை அப்பா துண்டு வைத்துப் பிடித்துக்கொண்டார். ரொட்டியை மேசையில் தட்டினால் கதவு தட்டிய சத்தம் வந்தது. என் இனிப்புக் காரப் பாகு மட்டும் அபாரம், அதை நக்கியே சாப்பிட்டு முடித்தோம்.

ஆறே கால் வரை இருந்தார். ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடம் கூடுதல். இந்த நாட்டின் சட்டத்தையே நான் மாவு பிசையும் கையால் வளைத்துவிட்டேன்.

ஐந்தரைக்கு அம்மா படியில் பாதி இறங்கி, வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறியதும் கேட்டது.

ஜூலை 20, சனி

ஈஸ்ட் விற்ற கடைக்குப் போய், பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று காலையில் சண்டை போட்டேன். அந்த அண்ணன் பாவம், புதுப் பாக்கெட் சும்மா கொடுத்தார். அதுவும் பூண்டோடு அழிந்தது. அதாவது, பூண்டு தடவும் முன்பே.

காத்திருந்த நேரத்தில் அப்பா ஈஸ்ட் பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கத்தை நேற்றைய பேப்பர் மாதிரி வரி விடாமல் படித்தார். அப்புறம் மடித்து வைத்துவிட்டு, "மழை வரும்போல இருக்குது" என்றார்.

வந்தது. மாடியில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு அம்மா வீட்டுக்குள் ஓடிவந்தாள். ஜூலி ஆன்ட்டி வீடு பூட்டியிருந்ததாம். ஏழு மாதத்தில் முதல் முறையாக மூன்று பேர் ஒரு சமையலறையில். எழாத மாவைச் சுற்றி மூன்று பேர் பேசாமல் நின்றால் அது எழவு வீடுதான்.

அம்மா மாவை விரலால் அழுத்தினாள். பக்கத்தில் நான் ஈஸ்ட் கலந்த டம்ளரைத் தொட்டாள், கையை உதறினாள்.

"பரிதி, தண்ணி எவ்ளோ சூடா ஊத்தினே?"

"வெதுவெதுப்பாத்தாம்மா."

என்னைப் பார்த்தாள். "உப்புப் போட்டியான்னு கேளு" என்று யாரிடமோ சொன்னாள். நான் தபால்காரப் பழக்கத்தில் அப்பாவிடம் திரும்பி, "உப்புப் போட்டேனான்னு கேக்கறாங்க" என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீதானடா போட்ட, என்னையக் கேட்டா?"

அம்மா துணி மடிக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை இல்லை, அதன் குலுக்கல் எனக்குத் தெரியும். இது வேறு.

ஜூலை 27, சனி

அம்மா மாடிக்குப் போகவில்லை. தலைவலியாம். மாவு எழவில்லை. இருவரும் சிங்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி என்னை நடுவில் வைக்காமல் நான்கு வாக்கியம் பேசினார்கள். எண்ணினேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறினாள். ஒரு தட்டைத் தனியே மூடி வைத்தாள். தட்டு சரியாக நாலு மணிக்கு மேசைக்கு வந்தது.

வரலாற்றுச் செய்தி இதுதான்: இன்று என் மாவு எழுந்தது. துணியைத் தள்ளிக்கொண்டு பாத்திரத்துக்கு வெளியே வந்தது. குத்தினால் பெருமூச்சு விட்டது. மூன்று வாரத் தோல்விகளுக்குப் பின் நான் பெற்ற நுணுக்கம், கைப்பக்குவம், விடாமுயற்சி. ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது. சீஸ் இழுத்த இழுப்புக்குக் கயிறு திரிக்கலாம். பாகு பொன்னிறமாக விளிம்பில் மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டது. அம்மா முதல் துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடினாள்.

ஆனால் ஆறே காலுக்கெல்லாம் முடிந்துவிட்டது. போன வாரத்தைவிட ஒரு மணி நேரம் குறைவு. அப்பா கைகழுவிவிட்டு நின்றார்.

இதைவிடப் பெரிய செய்தி. அவர் ஷூ போடும்போது அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "ரங்கராஜ், கண்ணாடிய விட்டுட்டுப் போறீங்க."

பெயர் சொல்லி. என் பதினாறு வருடத்தில் அம்மா அப்பாவை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பேச்சு நின்ற பிறகு அதுவும் நின்று "உங்கப்பா" ஆனார். தஞ்சாவூர்ப் பாட்டி வீட்டில் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் ரேஷன் கார்டை எடுத்துக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? எங்கள் வகுப்பில் ஒரு பெண் ஒருவனைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிட்டால் என்ன அர்த்தமோ அதுதான். கல்யாணத்துக்கு முந்தின காலத்துக்கே போய்விட்டார்கள், அங்கிருந்து மறுபடி தொடங்குவார்கள். கேஸ் காலி.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜூலி ஆன்ட்டியிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். என் பூண்டு ரொட்டியை உலகச் சமாதானப் பரிசுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னேன். ஆன்ட்டி என் தலையைத் தடவிவிட்டு ஒரு கேக் துண்டு கொடுத்தார். கேட்காமலே இரண்டாவது துண்டும் கொடுத்தார்.

ஆகஸ்ட் 10, சனி

மாவு எழவில்லை. போன வாரக் கைப்பக்குவம் லீவில் போய்விட்டது.

பாகு காய்ச்சும்போது இருவருக்கும் சண்டை. நல்ல சண்டை.

"இன்னும் ரெண்டு மொளகா இடிச்சுப் போடுங்க. இது பாயசமாட்ட இருக்குது" என்றார் அப்பா.

"உங்களுக்கு நாக்கே செத்துப்போச்சு" என்றாள் அம்மா.

"அது உங்க சாம்பார் சாப்பிட்டதுலீங்க."

அப்பா அம்மாவை "ங்க" போட்டுப் பேசினார். முன்பெல்லாம் "மங்கை, இங்க வா" என்பார். மரியாதை கூடினால் அன்பு கூடுகிறது என்றுதானே பொருள்.

மல்லித்தழை வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஓவன் பக்கம் யாரும் இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுத, அம்மா சொல்ல. சாமான் லிஸ்ட் மாதிரி. அமைதியாக, தலை ஆட்டி ஆட்டி. "ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்டர்றனுங்க" என்றார் அப்பா. "பரீட்சை சமயத்துல மட்டும் வேண்டாம்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்ததும் தாளைத் திருப்பி வைத்து, அதன் மேல் உப்பு ஜாடியை வைத்தார்கள்.

நான் பார்க்கவில்லை. அதில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நான்கு இடத்தில்.

ஆகஸ்ட் 17, சனி

மாவை மூடி வைத்ததும் அப்பா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். மருதமலைப் பக்கம் மேகம். தண்ணீர்த் தொட்டி மீது உட்கார்ந்தோம்.

"நீ சனி, ஞாயிறு என்ற கூட இரு. மத்த நாள் அம்மாகிட்ட. ரெண்டு பேருக்கும் சம்மதந்தான். உனக்கு?"

"அப்ப இருபத்தெட்டாந் தேதி?"

"அன்னைக்கு முடிஞ்சிரும் சாமி."

"நீங்கதான் இப்பப் பேசிக்கிறீங்களே. சிரிக்கிறீங்க. அவங்க உங்களப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."

அப்பா ரொம்ப நேரம் தொட்டியின் பாசியைச் சுரண்டினார்.

"பேர் சொல்லிக் கூப்பிடறது, நான் இப்ப அவங்களுக்கு வெளியாள்ங்கறதுனால. வெளியாள்கிட்டதான சாமி நல்லபடியாப் பேசறோம். உன்ற ரொட்டிக்குக் காத்துக் கெடந்தப்பதான் பேசவே ஆரம்பிச்சோம். இல்லாட்டி உன்னைய வெச்சு இன்னும் ரெண்டு வருசம் இழுத்திருப்போம்."

அதாவது, வழக்கை முடித்து வைத்தது என் ரொட்டி.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. மூக்குதான் ஒழுகியது. பூண்டு உரித்த கை, கண்ணில் பட்டுவிட்டது. பூண்டுக்கு வெங்காயக் குணம் இல்லை என்பது இந்த நோட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24, சனி

கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அப்பா அதைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 28, புதன்

நான் பள்ளியில் இருந்தேன். கோர்ட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆனதாம். கடை ரொட்டிகூட வேகாது.

அம்மா வந்ததும் முகம் கழுவிவிட்டு, மைதா டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்துக் கீழேயே வைத்தாள்.

ஆகஸ்ட் 31, சனி

இன்றிலிருந்து சனி, ஞாயிறு சிங்காநல்லூர். அழைத்துப் போக அப்பா நான்கு மணிக்கு வந்தார். நான் மாவு பிசையவில்லை. பேக்கரி ரொட்டி இரண்டு வாங்கி வைத்திருந்தேன்.

அப்பா பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். ஓவன் கதவுக்குத் திருகு. உட்கார்ந்து மாட்டினார். கதவு சிக்கென்று மூடிக்கொண்டது. இனி யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"இன்னைக்கு மாவு இல்லியா?" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா. எனக்கு எழ மாட்டேங்குது."

"கொதிக்கற தண்ணிய ஊத்தினா ஈஸ்ட்டு செத்துப் போயிரும் சாமி. அப்பறம் எங்கிருந்து எழும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாக்கெட்டு பின்னாடியே கொட்டை எழுத்துல போட்டிருக்குது. ரெண்டாவது வாரமே படிச்சனே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மாவு எழுந்திருக்குமே."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு பாகைக் கிளறினாள். மிளகாய் நிறையவே போட்டிருந்தாள். அப்பா வெளியே பையை வண்டியில் கட்டப் போனதும் என் காதருகே வந்தாள்.

"அன்னிக்கு ஆடிப்பெருக்குக்கு எழுந்துதே, அது நான் ஊறவெச்ச ஈஸ்ட்டுடா. நீ அந்தப் பக்கம் போனப்ப டம்ளரை மாத்தி வெச்சேன். பண்டிகையும் அதுவுமா மூணு பேரும் கல்லைக் கடிக்கணுமான்னு இருந்தது."

ஃபிரிட்ஜைத் திறந்து இடது செருப்பை எடுத்தேன். காகிதத்தில் சுற்றி அப்பாவின் வண்டிப் பையில் வைத்தேன். சிங்காநல்லூர் அறைக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் வலது செருப்பு தனியாக இருந்தது. எட்டு வாரமாகத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. சுவர் இருக்கிறது. அப்பா கீழே இட்லி வாங்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இந்த நோட்டில் சில திருத்தங்கள்.

ஜூலை 13 முதல் என் மாவு எழாததற்குக் காரணம் கடைக்கார அண்ணன் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றது நான்தான். வீடியோவில் கூடாது என்று சொன்ன ஒரே விஷயத்தைத்தான் செய்தேன். எழாத மாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். திங்கட்கிழமை அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 3-இல் எழுதிய நுணுக்கம், கைப்பக்குவம், விடாமுயற்சி மூன்றும் அம்மாவுடையவை.

எனக்கு இன்றுவரை ரொட்டி செய்யத் தெரியாது. பூண்டு வாசமும் உண்மையில் பிடிக்காது.

கடைசித் திருத்தம். ஏழு சனிக்கிழமை அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தேன் என்று பீற்றிக்கொண்டேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. எழாது என்று தெரிந்தேதான் அவர் உட்கார்ந்திருந்தார்.